மெருகுக் கொட்டடியில் ஒரு விசாரணை

செங்காவூர் ராஜா பூபதி ராயர் தம் மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு பல்லக்குகள் செய்யச் சொன்னார். கடுஞ்சாராயத்தில் அரக்கைக் கரைத்துப் பூசினால்தான் மரம் கண்ணாடியாக மின்னும். ஈரப் பூச்சில் தூசி படக்கூடாதென்று பிரதானி வல்லபர் மெருகு பூசும் கொட்டடியின் சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டார்.

நாலாம் நாளே ஆட்களுக்குத் தலைவலி, கண்ணெரிச்சல், வாந்தி. மேஸ்திரி மாசானம் வாசற்படியிலேயே சுருண்டு விழுந்தார். பிரதானி அவரை அப்படியே சபைக்கு இழுத்து வந்தார்.

"மகாராஜா, அரண்மனைச் சாராயத்தைக் குடித்திருக்கிறான்! உடம்பெல்லாம் நாற்றம்! இந்தக் கூட்டத்துக்கே ஆளுக்கு இருபது கசையடி கொடுக்க வேண்டும்."

மாசானம் கைகூப்பினார். "மகாராசா, ஒரு சொட்டு நாக்குல படல. அந்த ஆவிதான் ஆளைத் தள்ளுது. சன்னலைத் தெறந்து விட்டாப் போதும்."

"வாசனை ஆளைத் தள்ளுமாம்! மல்லிகையை மோந்து எவனாவது மயங்கி விழுந்திருக்கிறானா?" என்று பிரதானி சிரித்தார்.

சபையின் விகடகவி இருளப்பர் எழுந்தார்.

"பிரதானி சொல்வதே சரி. ஆனால் திருடர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? இன்று முழுக்க அவரே கொட்டடிக்குள் உட்கார்ந்து காவல் பார்க்கட்டும். கசையடி சாயங்காலம் வரை பொறுக்கட்டும்."

ராஜா தலையசைத்தார். பிரதானிக்குப் பெருமை தாங்கவில்லை. திண்டும் வெற்றிலைப் பெட்டியுமாக உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

சாயங்காலம் பிரதானி சபைக்கு வந்தார். வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு காவலர்கள் கொண்டுவந்தார்கள். தலைப்பாகை காதில் தொங்கியது. கண்கள் கோவைப்பழம்.

"யாராவது குடித்தார்களா?" என்றார் ராஜா.

"ஒருத்தனும் குடிக்கவில்லை. நான் இமை கொட்டாமல் பார்த்தேன்."

"நீர் குடித்தீரா?"

"சிவசிவா! பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை."

சொல்லிவிட்டுப் பிரதானி சிம்மாசனத்தை உற்றுப் பார்த்தார். தடாலென்று தரையில் விழுந்து கும்பிட்டார்.

"இரண்டு மகாராஜாக்களுக்கும் அடியேனின் நமஸ்காரம்!"

ராஜாவின் மீசை துடித்தது. "இரண்டா? யாரய்யா அந்த இன்னொரு ராஜா?"

இருளப்பர் பணிவாகச் சொன்னார்:

"கலங்க வேண்டாம், மகாராஜா. கொட்டடிச் சன்னலைத் திறந்துவிட்டால் தாங்கள் ஒருவர்தான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கசையடி ரத்து. சன்னல்களைத் திறக்கவும், நாழிகைக்கொரு தரம் ஆட்கள் வெளியே போய்க் காற்று வாங்கவும் ஆணை பிறந்தது. செங்காவூரில் ஓலையில் எழுதி முடிக்கும் முன்பே ஓர் ஆணை நிறைவேறியது அதுதான் முதல் தடவை.