புகுந்தவர்கள் போகலாம்

முன்னொரு காலத்தில் ஏரிக்குடி நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்றால் என்ன, கொட்டாவி விட்டுக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நரைத்த தலைதான். ராஜாவின் பல்லக்கைத் தூக்குகிற நாலு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பத்தடி நடந்தால் பல்லக்கை இறக்கிவைத்து முழங்காலைத் தேய்த்துக்கொள்வார்கள். "யாரங்கே?" என்று ராஜா கூப்பிட்டால், "எங்கே?" என்று காவலர் திருப்பிக் கேட்பார். ஊரில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

இதில் நொந்து நூலாகிப் போனவர் அமைச்சர் செவ்வந்தியப்பர். பெரிய ஏரியின் கரை ஓரிடத்தில் உள்வாங்கிக் கிடந்தது. அடுத்த ஐப்பசி மழைக்குள் மண் போட்டு உயர்த்தாவிட்டால் ஊரே தண்ணீரோடு போய்விடும். கூடை தூக்க ஆள் வேண்டுமே! ஆற்றுக்கு அக்கரையில் நானூறு குடும்பங்கள் காத்திருந்தன. தங்கள் சீமையில் கிணறெல்லாம் வற்றிப்போய்ப் பிழைப்புத் தேடி வந்தவர்கள். கையில் மண்வெட்டி, இடுப்பில் குழந்தை. "அவர்களை உள்ளே விடுங்கள், மகாராஜா" என்று செவ்வந்தியப்பர் ஏழு தடவை சொல்லிவிட்டார்.

ஏழு தடவையும் குறுக்கே விழுந்தவர் தாண்டவராயர். அமைச்சர் பதவியின் மேல் அவருக்கு ஒரு கண். ராஜா தும்மினால்கூட "ஆகா, என்ன கம்பீரம்!" என்பார்.

"மகாராஜா, ஆள் குறைந்தால் பெற்றுக்கொள்ள வேண்டியதுதானே? வீட்டுக்கு ஒரு தொட்டில் கொடுங்கள். நாடே குவா குவா என்று கத்தும்!"

ராஜாவுக்குக் குஷி தாங்கவில்லை. கார்த்திகையிலேயே வீட்டுக்கு ஒரு தொட்டில் போயிற்று. ஆவணியில் ராஜா பார்வையிடக் கிளம்பினார். முதல் வீட்டுத் தொட்டிலில் பூசணிக்காய் இருந்தது. இரண்டாவது வீட்டில் பூனை. மூன்றாவது வீட்டில், வீட்டுக்காரரின் தொண்ணூறு வயது அப்பா காலைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தார்.

"நல்லாத் தூக்கம் வருது சாமி, மகராசனா இரும்" என்று வாழ்த்தினார் அவர்.

செவ்வந்தியப்பர் பல்லைக் கடித்தார். "மகாராஜா, இன்றைக்கே பிள்ளை பிறந்தாலும் அது தவழ்ந்து, நடந்து, கூடை தூக்க எத்தனை வருஷமாகும்? அதுவரை பொறுத்துக்கொள் என்று மழையிடம் சொல்லட்டுமா?"

"நியாயம்தான்" என்ற ராஜா, உடனே தாண்டவராயரின் முகத்தைப் பார்த்தார்.

"புகுந்தவன் புகுந்தவன்தான், மகாராஜா! அவன் பிறந்தவன் ஆவானா? இந்த மண்ணில் பிறந்தவனுக்குத்தானே இதன்மேல் பாசம் இருக்கும்? ஒரே சட்டமாகப் போட்டுவிடுங்கள். பிறந்தவர்கள் இருக்கட்டும், புகுந்தவர்கள் போகட்டும்!"

"சபாஷ்!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

செவ்வந்தியப்பருக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டிக்கொள்ளவில்லை. 'புகுந்தவர்கள்' என்ற சொல் அவர் காதிலேயே நின்றுவிட்டது. பவ்வியமாக எழுத்தாணியை எடுத்தார்.

"தாண்டவராயரே, அப்படியே எழுதிவிடட்டுமா? 'புகுந்தவர்கள்' என்றே?"

"ஓர் எழுத்தும் மாறக் கூடாது!"

ராஜா முத்திரை குத்தினார். மறுநாள் விடிந்ததும் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள்.

ராஜா கண் விழித்தபோது அரண்மனையில் அடுப்பு எரியவில்லை. வாசலில் ராணி மூட்டை முடிச்சோடு நின்றிருந்தாள்.

"எங்கே கிளம்பிவிட்டாய்?"

"பிறந்த வீட்டுக்கு. உங்க சட்டம்தானே? முப்பது வருஷமாப் புகுந்த வீடு, புகுந்த வீடுன்னு கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. புகுந்தவங்க எல்லாம் போகணும்னா நான் மட்டும் இருக்கலாமா?"

ராஜா வெளியே ஓடிவந்து பார்த்தார். ஏரிக்குடியில் ஊரே பங்காளி. பெண் எடுப்பதெல்லாம் அக்கரையில்தான். அத்தனை வீட்டு மருமகள்களும் மூட்டையோடு ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே கிழவர்கள், "வெந்நீர் யாரு வைப்பா? மருந்து யாரு கொடுப்பா?" என்று தள்ளாடிக்கொண்டு வந்தார்கள்.

அந்தச் சமயம் தாண்டவராயர் வீட்டில் ஒரே கூச்சல். ராஜாவும் அமைச்சரும் அங்கே போய்ப் பார்த்தார்கள். அவருடைய மாமியார் ஒரு மூட்டையை மருமகனின் கையில் திணித்துத் தெருவில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அமைச்சரே, இது என்ன அநியாயம்?" என்று அலறினார் தாண்டவராயர்.

"என்ன செய்வது? நீங்கள் அக்கரைக்காரர், இங்கே வீட்டோடு மாப்பிள்ளை. சட்டத்தில் பெண் என்று எழுதவில்லையே, புகுந்தவர் என்றுதானே எழுதியிருக்கிறது? ஓர் எழுத்தும் மாறக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

ராஜா சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் வெட்கம் வந்தது. "புகுந்தவள் இல்லாவிட்டால் எனக்கு வீடே இல்லை. நாட்டுக்கு மட்டும் வேறு நியாயமா? கிழியுங்கள் அந்த ஓலையை! அக்கரையில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். புது மருமகளுக்குச் செய்வதுபோல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆரத்தி எடுக்க வேண்டும். தாண்டவராயரே, தட்டைப் பிடியும்!"

நானூறு ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் தாண்டவராயரின் தோள் வீங்கிவிட்டது. வந்தவர்கள் கரையை உயர்த்தினார்கள். ஐப்பசியில் ஏழு நாள் விடாமல் மழை கொட்டியது. ஏரி தளும்பியது, கரை நின்றது.

"அமைச்சரே, இவ்வளவு நல்ல யோசனையை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் ராஜா. ராஜா அப்போதுதான் பரிசாகப் பொன் கங்கணம் போட்டுவிட்ட கை என்பதால், செவ்வந்தியப்பர் தம் தலையில் அடித்துக்கொள்ளாமல் அடக்கிக்கொண்டு துறைக்கு நடந்தார்.

அங்கே இன்னொரு படகு வந்திருந்தது. தாண்டவராயர் ஆரத்தித் தட்டோடு நின்றார். படகிலிருந்து இறங்கிய ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஐயாவுக்கு இதுதான் சொந்த ஊருங்களா?" என்று கேட்டாள்.

தாண்டவராயர் வாயைத் திறந்தார். துறையில் மாமியார் நின்றிருந்தாள். அமைச்சரும் நின்றிருந்தார்.

"இல்லம்மா," என்றார் மெதுவாக. "புகுந்த ஊரு."