கூடுதலாக இரண்டு பட்டை

"அண்டாவைக் கீழ வைங்க" என்றாள் சம்பூர்ணம்.

பாதி தூக்கிய பாயச அண்டாவை இரண்டு பெண்களும் அப்படியே தரையில் இறக்கினார்கள். சம்பூர்ணம் செங்கோடனின் பழைய பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். சரக்கு ஏற்றும் தட்டின் நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அது நிதானமாக முன்னால் உருண்டுபோய் டிரைவர் கேபினில் முட்டி நின்றது.

"ஏனப்பா செங்கோடா, வண்டி என்ன தண்ணி குடிக்கிற மாடாட்டம் குனிஞ்சு நிக்குது?"

செங்கோடனிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. எந்த வண்டியும் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் மலை ஏறும். அப்போது இது மட்டமாகிவிடும். காலையிலிருந்து அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக அவன் வண்டியில் ஒருவரும் ஒரு மூட்டைகூட ஏற்றவில்லை. கொல்லிமலைக் கல்யாணங்களுக்கெல்லாம் சம்பூர்ணம்தான் சமையல். இன்று அவள் ஏற்றினால் ஆவணி முழுக்க அவன் வண்டி ஓடும்.

ஆனால் பக்கத்து வண்டிக்காரன் லோகு தன் புது வண்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "குச்சிக்கிழங்கு நிறைய ஏத்தலாம்னு பின்னாடி ஸ்பிரிங்குல ரெண்டு கமான் பட்டை கூடப் போட்டு உசத்துனாருங்க்கா. கிழங்கு இறங்கிருச்சு, வண்டி இறங்கல."

அந்தச் சிரிப்பில் நல்ல பதில் எங்கோ போய்விட்டது.

"இது குனிஞ்சதாப்பா?" என்றான் செங்கோடன். "தை மாசம் பாத்திருக்கோணும். லைட்டைப் போட்டா ரோடு தெரியாது. பம்பருக்குக் கீழ போற எறும்பு தெரியும். ராசிபுரம் வரைக்கும் ஒரே எறும்பு பின்னாடியேதான் போனேன்."

"எறும்பு முந்திப் போயிருக்குமே" என்றான் லோகு.

"போச்சு. சரி, மட்டமாகட்டும்னு முன்னாடி மூணு பட்டை போட்டேன். இப்ப லைட்டு தென்னை உச்சியில அடிக்குது. காக்கா எல்லாம் விடிஞ்சிருச்சுன்னு எந்திரிச்சு, வழி நெடுக என்னைத் திட்டிட்டே வந்துச்சு. அப்பறம் பின்னாடி நாலு. மறுபடி முன்னாடி அஞ்சு. உசரம் வந்துச்சே ஒழிய மட்டம் வரல. அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கோணும்."

"எப்பத்தான் வந்துச்சு?"

"வந்திருந்தா இதை உங்கிட்டச் சொல்லிட்டிருப்பனா?"

அண்டாப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். செங்கோடனுக்கு அது போதுமாயிருந்தது.

"நாமக்கல் பஸ் ஹாரன் அடிக்கிறதை விட்டுட்டு எனக்கு அடியில போக ஆரம்பிச்சுது. நான் ஏணி வெச்சு ஏறுவேன். சாவியை மறந்துட்டு ஏறிட்டா அன்னைக்குப் பொழப்பு போச்சு. ஒருநாள் நிழலா இருக்குன்னு வண்டிக்கு அடியில ஒரு கல்யாணமே பண்ணிட்டுப் போனாங்க."

"யாரு கல்யாணம்?" என்று சம்பூர்ணம் கேட்டாள். "தையில நான் சமைக்காத கல்யாணம் இந்தப் பக்கம் கிடையாது."

"மேல இருந்து உச்சந்தலை மட்டுந்தானுங்க்கா தெரிஞ்சுது. மாப்பிள்ளைக்கு வழுக்கை."

"மலைக்குப் போனியா, இல்லியா?"

"எழுபது வளைவும் உங்களுக்குத்தானுங்க்கா. நான் இந்த அடிவாரத்துல நிறுத்திட்டுக் கதவைத் தொறப்பேன். காலை வெச்சா மலை உச்சி. ஒரு அன்னாசிப்பழம் வாங்கிட்டுத் திரும்ப ஏறிக்குவேன். இறங்கறதுதான் பாடு. வீட்டுக்காரி மூணு நாள் கயித்துல தூக்குவாளி கட்டிச் சோறு அனுப்புனா. நாலாம் நாள் வாளியை இழுத்துத் தொறந்தா, உள்ள ஸ்பேனர் மட்டும் கெடக்குது. அவ சொல்றதும் சரிதானேன்னு பட்டையை எல்லாம் கழட்டிட்டேன்."

சம்பூர்ணத்தின் உதட்டோரம் அசைந்தது. இங்கே நிறுத்திவிட வேண்டும் என்று செங்கோடனுக்குத் தெரிந்தது.

"எல்லாத்தையும் கழட்டிட்டீன்னா இது ஏன் இன்னும் குனிஞ்சு நிக்குது?"

"உசரம் அத்தனைங்க்கா. முன்பக்கம் வந்து சேந்துருச்சு. பின்பக்கம் இன்னும் இறங்கிட்டிருக்குது."

சம்பூர்ணம் எலுமிச்சம்பழத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அது வந்து சேந்ததும் சொல்லி அனுப்பு. பந்தி பதினோரு மணிக்கு. லோகு, உன் வண்டியைத் திருப்பு."

லோகு வண்டியைத் திருப்பினான். பாயச அண்டா ஏறியது, சாம்பார் அண்டா ஏறியது. பெண்கள் தட்டில் ஓரமாக உட்கார்ந்தார்கள். சம்பூர்ணம் முன்னால் ஏறி, தேங்காய் மூட்டை எங்கே என்று யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

செங்கோடன் தன் வண்டிக்கு அடியில் குனிந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டைகள் இரண்டையும் உருவினான். லோகு வண்டியின் பின்னால் போய், ஏற்றத்தில் சரியாதபடி பாயச அண்டாவுக்குப் பின்புறம் ஒன்றையும் சாம்பாருக்கு ஒன்றையும் செருகி, கையால் தள்ளிப் பார்த்தான். பிறகு பின்கதவைத் தூக்கிக் கொக்கியை மாட்டினான்.