பன்றி திருப்பித் தந்த புல்வெளி

ஒரு காட்டில் குரங்குகள் தீ மூட்டக் கற்றுக்கொண்டன. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

விறகு போதவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு காட்டுப்பன்றி, கிழங்கு தோண்டப் போன இடத்தில் ஒரு கருப்புக் கல்லைக் கண்டெடுத்தது. குரங்குகள் அதைத் தீயில் போட்டுப் பார்த்தன. கல் கணகணவென்று எரிந்தது. அதுதான் நிலக்கரி.

"இன்னும் கொண்டு வா. கொண்டு வரும்போதெல்லாம் சுட்ட கிழங்கு தருகிறோம்" என்றன குரங்குகள். சுட்ட கிழங்கை ஒருமுறை ருசி பார்த்துவிட்ட பன்றிக்கு, அதற்குப் பிறகு பச்சைக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை.

கரி இருந்த இடமோ மான்களின் புல்வெளிக்கு அடியில். பன்றி நேரே யானையாரிடம் போய் நின்றது. அந்தக் காட்டில் நில விவகாரம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பெரியவர்.

"புல்வெளியைக் கொஞ்ச காலம் எனக்குக் கொடுங்கள். கரியை எடுத்ததும் குழியை மூடி, மேல்மண்ணைப் பரப்பி, புல் முளைக்க வைத்து, ஓடையையும் பழையபடி ஓட விட்டுத் தந்துவிடுகிறேன்" என்றது பன்றி.

யானையார் தலையை ஆட்டினார். சும்மா நிற்கும்போதும் தலையை ஆட்டிக்கொண்டே நிற்பவர்தான் அவர். இருந்தாலும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மான்கள் எருமைகளின் மேய்ச்சல் காட்டுக்குப் போய் ஒண்டிக்கொண்டன. எருமைகளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. "வருகிற மழைக்காலம் முடியும்வரை இருங்கள். அப்புறம் எங்கள் கன்றுகளுக்கே புல் காணாது, கிளம்பிவிட வேண்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டன.

பன்றி தோண்டியது. மேல்மண்ணை வாரி ஓரத்தில் எறிந்தது. அதன்மேல் களிமண், அதன்மேல் பாறை என்று மலைபோல் குவித்தது. நடுவில் ஓடிய ஓடை குழிக்குள் விழுந்து நின்றுபோனது. கரி தீர்ந்தது. சுட்ட கிழங்கும் தீர்ந்தது. பன்றி வயிற்றைத் தடவிக்கொண்டு ஆற்றங்கரைச் சேற்றுக்குப் போய்ப் படுத்துவிட்டது. தோண்டுவது பன்றிக்குப் பிறவிக் குணம். மூடுவது எந்தப் பன்றியின் பரம்பரையிலும் கிடையாது.

மழைக்காலம் முடியப்போகிற சமயத்தில் யானையார் சொல்லி அனுப்பினார்: "நிலத்தைப் பார்வையிட வருகிறேன்."

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யானையார் வந்து சுற்றிப் பார்த்து, வலது முன்னங்காலை நிலத்தில் ஓங்கி வைத்து, "ஒப்படைத்தாயிற்று" என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

பன்றி பதறிப்போய் நரியிடம் ஓடியது.

"அண்ணே, எதற்கு மூட வேண்டும்?" என்றது நரி. "இந்தக் காட்டில் மலை இருந்ததா? இல்லை. ஏரி இருந்ததா? அதுவும் இல்லை. அந்த மண்மேட்டை மலை என்று சொல்லுங்கள். குழியை ஏரி என்று சொல்லுங்கள். மான்கள் உங்களுக்கு மாலை போட வேண்டும்."

"மேட்டில் ஒரு புல்கூட இல்லையே?"

"அதை என்னிடம் விடுங்கள்."

நரி வேலையில் இறங்கியது. பச்சைக் கிளைகளை ஒடித்து வந்து மண்மேடு முழுக்க நட்டது. எங்கிருந்தோ தாமரைப் பூக்களைப் பறித்து வந்து குழித் தண்ணீரில் மிதக்கவிட்டது. ஒரு கொக்கைக் கூலிக்குப் பேசிக் கரையோரத் தண்ணீரில் நிறுத்தியது.

"மீன் இருப்பதுபோல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நில். அவ்வளவுதான் வேலை" என்றது நரி.

"தண்ணீர் காலை அரிக்கிறதே" என்றது கொக்கு.

"அதனால்தான் உன்னைப் பிடித்தேன். ஒற்றைக் காலில் நிற்க உனக்குத் தெரியுமே. மாற்றி மாற்றி நில்."

யானையார் வந்தார். பின்னாலேயே மான்களும் வந்தன. பன்றி ஓரமாக உட்கார்ந்திருக்க, நரி ஒரு கட்டுக் கரும்பை நீட்டியது. யானையார் மென்றுகொண்டே மேட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"தண்ணீர் எவ்வளவு தெளிவு. அடித்தரை தெரிகிறது" என்றார்.

தெரியாமல் என்ன செய்யும்? கரிக்குழியின் கந்தகம் ஊறிப் புளித்துக் கிடந்த தண்ணீர் அது. பாசிகூட அதில் பிழைக்காது. பாவம், யானையார் கரும்பு மென்றுகொண்டிருந்ததால் குடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"கொக்கு நிற்கிறதே, மீனும் இருக்கும்போல" என்றார்.

"துள்ளுகிறது, ஐயா" என்றது நரி. கொக்கு கால் மாற்றிக்கொண்டது.

யானையார் வலது முன்னங்காலைத் தூக்கினார்.

மான் கூட்டத்தில் ஒரு தாய் மான் இருந்தது. இலை அசைந்தாலே ஓடுகிற சுபாவம். ஆனால் அன்று அதன் மடியை இரண்டு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால் கீழே இறங்கிவிட்டால் நாளை முதல் குட்டிகளுக்குப் புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. தாய் மான் முன்னால் வந்து நின்றது.

"யானையாரே, ஒரு சொல். இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் கொடுத்தது வெறும் புல்லும் ஓர் ஓடையும். பன்றியண்ணன் மலையும் ஏரியுமாகத் தருகிறார். இவ்வளவையும் வாங்கிக்கொள்ள நாங்கள் யார்? உழைத்தவரே அனுபவிக்கட்டும். எங்களுக்கு அண்ணன் படுத்திருக்கிற ஆற்றங்கரைச் சேறு போதும்."

யானையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன பெருந்தன்மை! பன்றி, உனக்குச் சம்மதம்தானே? காலை வைத்துவிடட்டுமா?"

"என் ஆற்றங்கரையா?" பன்றி துள்ளி எழுந்தது. "நன்றாயிருக்கிறதே நியாயம். நான் இங்கே எப்படிக் குடியிருப்பேன்? தின்ன என்ன இருக்கிறது? இந்தத் தண்ணீரில் இறங்கினால் என் தோல் உரிந்துவிடாதா?"

நரி பன்றியின் காலை மிதித்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"அப்பாடா" என்று கொக்கு தண்ணீரிலிருந்து வெளியே வந்து காலைச் சொறிந்துகொண்டது.

யானையார் கரும்பைக் கீழே போட்டார். மேட்டில் நின்ற ஒரு மரத்தைத் தும்பிக்கையால் மெல்ல இழுத்தார். வேரில்லாமல் கையோடு வந்தது. தூக்கிய காலைத் தூக்கிய இடத்திலேயே கீழிறக்கப் பயந்துகொண்டு, மூன்று காலில் நொண்டிப் பின்னால் போய்ப் பாறையில் வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது.

"இன்று முதல் ஆற்றங்கரை மான்களுக்கு. பன்றி இங்கேதான் இருக்க வேண்டும். இங்கேதான் தின்ன வேண்டும், இங்கேதான் குடிக்க வேண்டும். நிலம் சரியானதும் சொல்லி அனுப்பு."

திரும்பிப் பார்த்தால் நரியைக் காணோம். பக்கத்துக் காட்டில் இதே வேலை நிறைய இருக்கிறதாம்.

பன்றி அழுதது. பிறகு பசித்தது. பிறகு வேலை செய்தது. மேட்டின் உச்சியிலிருந்து பாறையை உருட்டிக் குழியின் அடியில் தள்ளியது. அதன்மேல் களிமண்ணைப் போட்டது. அடியில் புதைந்து கிடந்த மேல்மண்ணைக் கடைசியில் எடுத்து, ஒரு பிடி வீணாக்காமல் மேலே பரப்பியது. கரி போன அளவுக்கு மண் குறைந்தது; ஒரு மூலையில் குளம் நின்றுவிட்டது. அதில் சுண்ணாம்புக் கற்களை உருட்டிப் போட்டுப் புளிப்பை முறித்தது. ஓடையைத் திருப்பி விட்டது. தினமும் ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தது. தான் குடிக்கிற தண்ணீர் அல்லவா, அதனால் ஏமாற்றத் தோன்றவில்லை.

சில மழைக்காலங்கள் போயின. புல் முளைத்தது. புல்லுக்கு அடியில் கோரைக்கிழங்கு வைத்தது. குளத்தில் தவளை கத்தியது. ஆனால் பன்றி சொல்லி அனுப்பவே இல்லை.

கடைசியில் யானையாரே மான்களை அழைத்துக்கொண்டு வந்தார். குளத்தோரத்துச் சேற்றில் பன்றி கொழுகொழுவென்று படுத்திருந்தது.

"நிலம் சரியாகிவிட்டதா?" என்று கேட்டார் யானையார்.

"இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது" என்றது பன்றி, கண்ணைத் திறக்காமல்.

"என்ன வேலை?"

பன்றி சேற்றில் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்துகொண்டது. "ஆற்றங்கரையை மான்களே வைத்துக்கொள்ளட்டுமே. எனக்கு இங்கே பழகிவிட்டது" என்று முனகியது.

யானையார் வேறு எதையும் பார்வையிடவில்லை. வலது முன்னங்காலை ஓங்கி வைத்தார்.

"ஒப்படைத்தாயிற்று. கிளம்பு."

நீதி: தான் குடியிருக்க மாட்டாத நிலத்தையும் தான் குடிக்க மாட்டாத தண்ணீரையும் அடுத்தவருக்குத் தருவது, திருப்பித் தந்ததாகாது.