டிவோட்டட் பட்டம்

வெண்குன்றம் சமஸ்தானத்து ராஜா விசயபூபதி பட்டணத்துக்குப் போனவர், திரும்பும்போது ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே விருந்தில் ஒரு துரைசானி தன் நாயைத் தடவிக்கொடுத்து, “டிவோட்டட்” என்றாளாம். அன்பும் விசுவாசமும் மாறாமல் காலடியிலேயே கிடப்பது என்று அர்த்தமாம். ராஜாவுக்கு அது வெல்லமாய் இனித்தது.

“நம் சபையில் டிவோட்டட் யார்? அவருக்கு அந்தப் பட்டமும் ஏரிப்பாளையம் கிராமமும் இனாம்!” என்றார்.

திவான் சேஷகிரி ராயர் தடாலென்று விழுந்தார். “மகாராஜா! இந்த உயிர் தங்களுடையது. எப்போது கேட்டாலும் தருகிறேன்!” கண்ணில் தாரை தாரையாய் நீர். அவரைப் பார்த்து மற்றவர்களும் விழுந்தார்கள். சபையில் கால் வைக்க இடமில்லை.

அரண்மனை விகடகவி தாண்டவராயன் ஒருவன்தான் நின்றான்.

“பார்த்தீர்களா மகாராஜா, மரம் மாதிரி நிற்கிறான்!” திவான் படுத்தபடியே கோள் மூட்டினார்.

“ஏனடா நிற்கிறாய்?” என்றார் ராஜா.

“வார்த்தை புதுசு, மகாராஜா. வெள்ளைக்காரர் அதை எங்கே, யாருக்குச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் விழுந்தால் அடிபடுமே!”

ராஜாவின் முகம் சிவந்தது. “மூன்று நாளில் தெரிந்துகொண்டு வா. இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ!”

ஊரைவிட்டு எங்கே போவான் தாண்டவராயன்? வீட்டில் கல்யாணத்துக்கு நான்கு பெண்கள். நேரே சமஸ்தானத்து மொழிபெயர்ப்பாளர் ஞானமுத்துவிடம் ஓடினான்.

“அண்ணே, இந்த டிவோட்டட் எங்கே அதிகமாய் வரும்?”

ஞானமுத்து அவனை மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், ஒவ்வொரு கல்லாகப் படித்தார். “டிவோட்டட் கணவர். டிவோட்டட் மனைவி. டிவோட்டட் ஊழியர்.”

“உயிரோடு இருந்தபோதும் இப்படித்தானா?”

“நல்லா கேட்டே! இந்தக் கர்னலும் பெண்சாதியும் இருபது வருஷம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. செத்த பிறகுதான் டிவோட்டட் ஆனார்கள்.”

தாண்டவராயன் வாய்விட்டுச் சிரித்தான். அங்கிருந்தே கல்தச்சன் வீட்டுக்கு நடந்தான்.

மூன்றாம் நாள் நான்கு ஆட்கள் ஒரு வழவழப்பான கல்லைச் சபைக்குத் தூக்கி வந்தார்கள். அதில் ‘சேஷகிரி ராயர், டிவோட்டட் திவான்’ என்று செதுக்கியிருந்தது. கீழே கொஞ்சம் இடம் காலி.

“இது என்னடா?”

“பட்டம், மகாராஜா. வெள்ளைக்காரர் இதைக் கல்லறையில்தான் வாரி வழங்குகிறார்கள். வேண்டுமானால் ஞானமுத்துவைக் கேளுங்கள். உயிரைத் தருவதாகத் திவான் அன்றே வாக்குக் கொடுத்துவிட்டார். தேதி ஒன்றுதான் பாக்கி. நாளை வெள்ளிக்கிழமை, நல்ல நாள். செதுக்கச் சொல்லட்டுமா?”

ராஜாவுக்கு உதடு துடித்தது. அடக்கிக்கொண்டு திரும்பினார். “என்ன ராயரே, நாளைக்குச் சௌகரியமா?”

திவானுக்கு வேர்த்துக் கொட்டியது. “மகாராஜா! எனக்குத் தங்கள்மேல் அவ்வளவு விசுவாசம் கிடையாது!”

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். ஏரிப்பாளையத்தைத் தாண்டவராயனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, திவானின் தோளில் தட்டினார்.

“பன்னிரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் ஐயா நீர் என்னிடம் உண்மை பேசியிருக்கிறீர்!”