தள்ளிய கடனுக்கு வரி

வெள்ளச்சி தன்னிடம் பட்ட கடனுக்காக அரண்மனையில் வழக்காடி ஜெயித்த மாசிலாமணி, தீர்ப்பு வந்த வாரமே, "கடனைத் தள்ளிட்டேன்" என்று ஊரறியச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வரி வசூலிக்கும் மணியக்காரர் வெள்ளச்சி வாசலில் வந்து நின்றார்.

"தள்ளின கடன் உனக்கு வரவுதானே? வரவுக்கு வரி கட்டு. இல்லாட்டி பசுவை அவுத்துட்டுப் போவேன்."

தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு அந்தப் பசுவின் பால்தான் ஆகாரம்.

"அவரு எங்க சாமி தள்ளினாரு? நேத்தும் வந்து, பணத்தை வைக்காம தாண்டக்கூடாதுன்னு என்னைச் சுத்திக் கோடு கிழிச்சாரே!" வாய்க்கு வந்ததைச் சொன்னாள் வெள்ளச்சி.

"செத்தவனா? யாருகிட்ட கதை விடுற?"

அப்போது மண்ணில் கைத்தடி இழுபடும் சத்தம் கேட்டது. ஆளில்லை. கோடு மட்டும் மணியக்காரரைச் சுற்றி வளைந்து வந்தது.

வெள்ளச்சி சொன்ன பொய் கண்ணெதிரே நடந்தது. ஆனாலும் விடவில்லை. "கடன் தீந்துச்சுன்னு நீங்களே அவருகிட்ட சொல்லுங்க சாமி."

"தீரலை! கடன் அப்படியே இருக்கு! வரியே கிடையாது!" வட்டம் மூடுவதற்குள் மணியக்காரர் ஓடிவிட்டார்.

"பாவம், கடனை மறுபடியும் தள்ளிடட்டுமா தாயி?" என்றது காற்றில் மாசிலாமணியின் குரல்.

"ஐயோ, வேண்டாம் ஐயா! தள்ளினா மணியக்காரரு வரி கேட்டுத் திரும்ப வருவாரு. நீங்களே தினமும் கடன் கேக்க வந்துட்டுப் போங்க."