தணிகாசலத்தின் போர்டு

பம்ப்செட் போர்டு இனி மெமரி கார்டு இல்லாமல், தன் மேலேயே பற்றவைத்திருக்கும் ஃப்ளாஷ் சிப்பிலிருந்து ஸ்டார்ட் ஆகவேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். அதற்கான பூட்லோடரை, அதாவது போர்டை ஸ்டார்ட் செய்யும் புரோகிராமை, தானே எழுதிவிட்டதாகச் சொல்லி, மேனேஜர் தணிகாசலம் அவர் முன்னால் சுவிட்சைப் போட்டார். திரை பளிச்சென்று வந்தது. அதே வேலையில் இருந்த நஸீமாவின் போர்டு மட்டும் இருண்டு கிடந்தது.

"சார் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள என் போர்டு செய்யறதை உன்னுதும் செய்யணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோம்மா," என்றார் தணிகாசலம், டீ டம்ளரோடு இருந்த வாடிக்கையாளரைக் காட்டி.

"உங்க போர்டுலேருந்து எதையாவது எடுத்துக்கலாமா சார்?"

"எது வேணும்னாலும் எடுத்துக்கோ."

அவள் அவருடைய போர்டைத் திருப்பினாள். அடியில் மறந்துபோய் விட்டிருந்த மெமரி கார்டை உருவித் தன் போர்டில் செருகி, இரண்டுக்கும் சுவிட்சைப் போட்டாள். அவளுடையது ஸ்டார்ட் ஆனது. அவருடையது ஆகவில்லை.

வாடிக்கையாளர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன் சார்," என்றாள் நஸீமா. "ஃப்ளாஷ்லேருந்து வர்றதுக்குத்தான் இன்னும் கொஞ்ச நாளாகும். நம்ம ரெண்டு பேருக்குமே."