முத்திரை குத்திய செல்போன்

கணலூரில் முட்டாள்கள் தனித்தனியாகத் திரியவில்லை. சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்துக்குப் படிப்பகமும் வைத்திருந்தார்கள். தலைவர் சிங்காரவடிவேல், செயலாளர் தனக்கோடி, உறுப்பினர்கள் உலகநாதன், மாசிலாமணி. அறிவாளிகளுக்கு அந்த ஊரில் இன்றுவரை ஒரு கொட்டகைகூடக் கிடையாது.

படிப்பகத்துக்கு ஒரே பேப்பர்தான் வரும். ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருந்ததால் உள்ளே யாரும் இருமுவதுகூட இல்லை. படித்து முடித்ததும் ரோட்டைக் கடந்து சாதிக்கின் பஞ்சர் கடைக்குப் போய், அவரவர் தாளில் கண்டதைச் சொல்லி உலகத்தை ஒட்டவைப்பார்கள். மாசிலாமணிக்கு இருபது வருடமாகக் கண்ணீர் அஞ்சலித் தாள்தான் வாய்த்தது. பெயர் அச்சில் வந்துவிட்டால் ஆள் போய்விட்டார் என்பது அவருடைய உலகறிவு.

இப்போது நாடே ஆளுக்கு ஒரு துண்டுதான் படிக்கிறது. மற்ற மூவரைத் தேடி யாரும் ரோட்டைக் கடப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் பேப்பர் ஏஜெண்ட் கடையை மூடினார். “இனிமே எல்லாம் செல்போன்லதான். பேரூராட்சி நோட்டீஸ்கூட அதுலதான் வரும்” என்றார். சங்கம் ஒரு செல்போன் வாங்கியது.

படிப்பகத்துக்கு வரும் எதையும் முத்திரை குத்தாமல் மேசையில் வைக்கக் கூடாது என்பது விதி. தனக்கோடி செல்போனின் முகத்தில் குத்தினார். மை நிற்கவில்லை.

“கண்ணாடியில எப்படித் தலைவரே நிக்கும்?”

“விதியில கண்ணாடிக்கு விலக்கு இருக்கா?”

இல்லை. மாட்டுக்கொம்புக்கு அடிக்கிற பெயிண்டில் முத்திரையைத் தோய்த்துக் குத்தினார்கள். நட்டநடுவில் பச்சையாக நின்றது, ‘கணலூர் படிப்பகம்’.

ஒரு புதன்கிழமை பேரூராட்சி நோட்டீஸ் வந்தது. செல்போனைத் தாள் தாளாகப் பிரிக்க முடியாது என்று உலகநாதன் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். எனவே கண்ணாடியில் தெரிகிற அளவு ஒரு தாள் என்று முடிவாயிற்று. ஒருவர் படித்ததும் விரலால் தள்ளிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். நால்வரும் படித்தார்கள். ரோட்டைக் கடந்தார்கள்.

“படிப்பகத்தை இடிக்கப் போறாங்களாம்” என்றார் தலைவர்.

“அந்த இடத்துல செல்ஃபி மேடையாம். ஊர்ப் பேரை ஆளுயர எழுத்தா நட்டு வைப்பாங்களாம்” என்றார் தனக்கோடி.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஆட்சேபணை எழுதிக் கொடுத்தா நிறுத்திடுவாங்களாம்” என்றார் உலகநாதன்.

மாசிலாமணி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். “என் தாள்ல செயல் அலுவலர் பேர் இருக்கு. நேத்துக்கூடப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தார்.”

தலைவர் முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் கட்டடத்துக்குத் தன் தலையில் செங்கல் சுமந்தவர் அவர். “எழுதுங்க தனக்கோடி” என்றார். நோட்டீஸ் எண்ணைக் குறிப்பதற்காகச் செல்போனை மறுபடி திறந்தார்கள். அப்போதுதான் உலகநாதன் கவனித்தார்.

“தலைவரே, நோட்டீஸ்ல நம்ம முத்திரை இருக்கு.”

இருந்தது. தள்ளினார்கள். அடுத்த தாளிலும் இருந்தது. நான்கு தாளிலும் ஒரே இடத்தில், ஒழுங்காக.

“நாம எப்ப ஒத்துக்கிட்டோம்?”

“எப்பன்னு தெரியாது. முத்திரை பெட்டிக்குள்ள. சாவி உங்க அரைஞாண்ல. வேற யார் குத்துவா?”

“அப்ப நான்தானா” என்று தலைவர் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

சாதிக் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே சொன்னார். “யோவ், அது கண்ணாடி மேல இருக்குய்யா. உப்புத்தாள் தர்றேன். ரெண்டு தேய் தேய்ச்சாப் போயிடும்.”

“சங்கத்தோட முத்திரையைத் தேய்க்கச் சொல்றார்” என்றார் தனக்கோடி, தலைவரிடம் மெதுவாக. “இவர் எந்தப் பக்கத்து ஆள்னு இப்பத்தான் தெரியுது.”

வியாழன் முழுக்க விவாதம். வெள்ளிக்கிழமை சரியாக ஐந்து மணிக்கு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: ‘நாமே ஒப்புக்கொண்டதை நாமே எதிர்ப்பது சங்கக் கட்டுப்பாட்டுக்கு விரோதம்.’

திங்கட்கிழமை புல்டோசர் வந்தது. ‘அமைதி காக்கவும்’ என்ற சுவர் கடைசியாக விழுந்ததால் நால்வரும் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடை எழும்பியது. க, ண, லூ, ர். தலைவர் எண்ணிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“என்னதான் இருந்தாலும் நம்மளை மறக்கலை. சரியா நாலு தாள் போட்டிருக்கான்.”

ஆளுக்கு ஓர் எழுத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் படித்தார்கள். பிறகு ரோட்டைக் கடந்து, கண்டதைச் சொல்லி ஒட்டவைத்தார்கள். கணலூர் என்று வந்தது. ஊரே போய்விட்டதென்று மாசிலாமணி அழுதார். அவரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாளும் வந்தார்கள். படித்தார்கள். ரோட்டைக் கடந்ததும் தலைவர் கோபமாகக் காகிதம் கேட்டார். மணி நாலரை. நால்வரும் ஓடினார்கள். சங்கத்தின் வரலாற்றில் முதல்முறையாக ஐந்து மணிக்குள் ஓர் ஆட்சேபணை, எழுத்துமூலமாக, பச்சை முத்திரையோடு, பேரூராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது:

‘நேற்றைய பேப்பரையே இன்றும் போட்டிருக்கிறீர்கள்.’